ஆளில்லாத வீட்டில் பவளத் தொட்டி: டுன்ட்சே ஆஸ்மொலேட்டர் 3155

வீட்டில் வளர்க்கப்படும் பவளத் தொட்டியிலிருந்து நீர் ஆவியாகிறதே தவிர உப்பு ஆவியாவதில்லை; எனவே குறைகிற ஒவ்வொரு லிட்டரும் எஞ்சிய நீரின் உப்பளவை, அதாவது ஒரு கிலோ கடல்நீரில் கரைந்திருக்கும் உப்பின் கிராம் கணக்கை, உயர்த்திக்கொண்டே போகிறது. இயற்கைக் கடல்நீரில் இது ஏறத்தாழ 35. மொத்தம் 200 லிட்டர் நீருள்ள ஓர் அமைப்பில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாவதாகக் கொண்டால், 10 நாள் கவனிப்பாரின்றி விடப்பட்ட தொட்டியில் அது 39-ஐ நெருங்கிவிடும். நீரைக் குளிர்விக்க விசிறி வைக்கும் வெப்பநாட்டு வீடுகளிலும், குளிர்காலத்தில் அறைக்காற்றைச் சூடேற்றி உலர்த்திவிடும் ஐரோப்பிய வீடுகளிலும் இழப்பு இன்னும் கூடும். இதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது கடல்நீர் அன்று, ஆர்.ஓ. சவ்வின் வழியே வடிந்து, மிச்சமுள்ள அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ரெசினையும் கடந்து வந்த நன்னீரே.

உரிமையாளர் ஊரில் இல்லாதபோது இப்பணியைச் செய்யும் தானியங்கி நிரப்பிகளுள், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துப் பென்ஸ்பெர்க் நகரில் இயங்கும் டுன்ட்சே நிறுவனத்தின் ஆஸ்மொலேட்டர் 3155 பவளத் தொட்டி வளர்ப்போரிடையே நன்கு அறிமுகமானது. பெட்டியில் இரண்டு உணரிகளும், அவற்றைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் காந்தத் தாங்கியும், குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் சிறிய பம்பும், கட்டுப்பாட்டுப் பெட்டியும், குழாயும் வருகின்றன. உணரிகளைப் பொருத்த வேண்டிய இடம் காட்சித் தொட்டி அன்று. அதன் அடியில் வடிகட்டும் கருவிகளைத் தாங்கி நிற்கும் சம்ப் எனப்படும் துணைத்தொட்டியின் கடைசி அறை. நீரை மேலேற்றும் பம்பு இருக்கும் இந்த அறையில்தான் ஆவியாதலால் ஏற்படும் குறைவு முழுவதும் வெளிப்படுகிறது. அறையின் பரப்பு 600 சதுர செ.மீ. எனில் ஒரு நாளைய 2 லிட்டர் இழப்பு 3 செ.மீ.க்கும் மேற்பட்ட இறக்கமாகத் தெரியும். சில நாள் விட்டால் மேலேற்றும் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும்.

முதல் உணரி அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கிறது. அதன் முனை காற்றில் இருக்கும்போது உள்ளிருந்து வரும் ஒளி முழுதும் எதிரொளித்துத் திரும்புகிறது. நீரில் மூழ்கியவுடன் ஒளி நீருக்குள் நழுவிவிடுகிறது. அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால், ஓரிரு மில்லிமீட்டர் இறங்கியதுமே பம்பு ஓடி, மேற்சொன்ன அறையில் ஏறத்தாழ 120 மி.லி. மட்டும் சேர்த்து நின்றுவிடுகிறது. நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேரும் இந்த ஒழுங்குதான் கருவியின் தலையாய நற்பண்பு. காலையில் ஒரு குடம் ஊற்றும் பழக்கத்தால் இது கைகூடாது.

ஆயினும் இத்தகைய கருவியை மதிப்பிட, அது நீரைச் சேர்க்கும் விதத்தைவிட நிறுத்தும் விதத்தைப் பார்ப்பதே பொருத்தம். மாடித் தொட்டியின் மிதவை வால்வு சிக்கிக்கொண்டால் கூரையில் நீர் வழிவதோடு முடிந்துவிடும். இங்கே தரை நனைவதோடு பவளமும் நன்னீரில் மூழ்குகிறது. ஒளி உணரியின் முனையில் நுண்குமிழிகள் ஒட்டிக்கொண்டால் அது காற்றில் இருப்பதாகக் கருதித் தொடர்ந்து நீர் கேட்கும். மாறாக, அதன்மேல் நத்தை ஏறி அமர்ந்தாலோ பாசி படர்ந்தாலோ, நீர் போதுமென்று கருதிப் பேசாதிருக்கும். முதல் பிழையைத் தடுக்கவே இரண்டாம் உணரியாக ஒரு மிதவை ஸ்விட்ச் சற்று மேலே வைக்கப்பட்டுள்ளது. நீர் அதை உயர்த்தியதும் பம்பு துண்டிக்கப்பட்டு எச்சரிக்கை ஒலி எழுகிறது. இரண்டு உணரிகளும் இருவேறு கொள்கைகளில் இயங்குவதால் ஒரே காரணத்தால் ஒருசேரப் பழுதாகும் வாய்ப்பு குறைகிறது என்பது வடிவமைப்பாளரின் நுட்பமான கணிப்பு.

மூன்றாவது காப்பாக, பம்பு இடைவிடாமல் 10 நிமிடம் ஓடினால் கருவி அதை நிறுத்திவிடுகிறது. இந்த ஏற்பாட்டை அளவுக்கு மீறி நம்புவோர் உண்டு. நிமிடத்துக்கு 1 லிட்டர் தரும் ஓட்டத்தில் 10 நிமிடம் என்பது 10 லிட்டர், 120 மி.லி. போதுமான இடத்தில் இது காவலாகாது. இருப்புத் தொட்டி வற்றிய பின் பம்பு வறண்டு ஓடிக் கருகாமல் காப்பதற்கே இந்நேர வரம்பு உண்மையில் பயன்படுகிறது.

ஆகவே இறுதிக் காப்பு பெட்டிக்குள் வருவதில்லை. நன்னீர் நிரப்பி வைக்கும் இருப்புத் தொட்டியின் அளவே அது. 10 நாளுக்கு 20 லிட்டர் வேண்டும். அந்த 20 லிட்டரும் ஒரே மூச்சில் 200 லிட்டரில் கலந்தால் உப்பளவு 32-க்குச் சற்றுக் கீழே இறங்கும். இது பவளத்துக்கு அதிர்ச்சிதான், எனினும் அழிவன்று. ஒரு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருக்க எண்ணி 80 லிட்டர் பீப்பாயை இணைத்தால் அதே பழுது உப்பளவை 25 வரை இறக்கிவிடும். சம்ப்பில் அந்த நீர் முழுவதும் கொள்ளும் வெற்றிடம் இருக்க வேண்டும் என்பதோடு, மின்சாரம் நின்றால் காட்சித் தொட்டியிலிருந்து வடிந்து வரும் நீருக்கும் தனியே இடம் விட வேண்டும்.

பொருத்துகையில் அடிக்கடி நேரும் தவறு சைஃபன் விளைவு. இருப்புத் தொட்டியின் நீர்மட்டம் குழாயின் வாய்முனையைவிட உயரமாக இருந்தால், பம்பு நின்ற பின்னும் நீர் தன் எடையாலேயே வழிந்துகொண்டிருக்கும். எந்த உணரியாலும் அதைத் தடுக்க இயலாது. இருப்புத் தொட்டியைத் தாழ்வாகவும், குழாய் முனையை நீருக்கு வெளியேயும் வைப்பதே தீர்வு. நன்னீருக்குப் பதிலாகக் கால்க்வாசர் எனப்படும் சுண்ணாம்பு நீரை இதன்வழி செலுத்தும் வழக்கமும் உண்டு, அதன் பி.எச். 12-ஐத் தாண்டுவதால், வீட்டில் ஆளில்லாத நாட்களில் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இக்கருவியின் பெருங்குறை, அது கூப்பிடும் குரல் அறைக்கு வெளியே கேட்காது என்பதுதான். வைஃபை இணைப்போ கைப்பேசிச் செய்தியோ இல்லை. பூட்டிய வீட்டில் ஒலிப்பான் கத்திக்கொண்டிருந்தாலும் அறிவார் இல்லை. எனவே ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை வந்து கட்டுப்பாட்டுப் பெட்டியின் விளக்குகளையும் இருப்புத் தொட்டியின் மட்டத்தையும் பார்க்கும் ஒருவர் தேவைப்படுகிறார். கருவியைப் புறப்படும் முன்தினம் வாங்கிப் பொருத்துவதும் தகாது. சில வாரம் முன்பே இயக்கி, மிதவையை விரலால் உயர்த்திப் பம்பு நிற்கிறதா என்று சோதித்து, உணரி முனைகளில் படியும் உப்பையும் பாசியையும் துடைத்து, அன்றாட இழப்பை அளந்தறிந்த பின்னரே இருப்பின் அளவைத் தீர்மானிக்க முடியும். திரும்பி வரும்போது இருப்பு வற்றி உப்பளவு ஏறியிருந்தால், குறைந்த நீரை ஒரேயடியாக ஊற்றாமல் ஓரிரு நாளில் பகிர்ந்து சேர்க்க வேண்டும்.