ஹக்கிள்பெரி ஃபின் நாவலும் அமெரிக்க வகுப்பறையும்: கற்பிக்கப்படாத இறுதிப் பகுதி

முன்னுரை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில வகுப்பில் எந்த நாவலைப் பாடமாக வைப்பது என்பது அந்நாட்டில் இலக்கிய வினாவாக மட்டும் இருந்ததில்லை. பெற்றோர், பள்ளி வாரியங்கள், நீதிமன்றங்கள், பதிப்பகங்கள் என அனைத்துத் தரப்பினரும் அவ்வினாவிற்கு விடை கூற முற்பட்டுள்ளனர். அவ்வாறு மிகுதியும் விவாதிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று, மார்க் ட்வெய்ன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ என்னும் நாவலாகும். இந்நாவல் இங்கிலாந்தில் 1884ஆம் ஆண்டின் இறுதியிலும் அமெரிக்காவில் 1885ஆம் ஆண்டிலும் வெளிவந்தது.

இந்நூலைப் பாடமாக வைக்கலாமா, நீக்கலாமா என்னும் வினாவே விவாதங்களில் ஓங்கி நிற்கிறது. வைத்த பின்னர் அதில் எது கற்பிக்கப்படுகிறது, எது கற்பிக்கப்படாமல் விடப்படுகிறது என்பது அதே அளவிற்குக் கவனம் பெறவில்லை. குறையுடையது எனப் பலரும் ஒதுக்கும் அதன் இறுதிப் பகுதியே இந்நாவலை வகுப்பறையில் வைப்பதற்குரிய நியாயத்தைத் தருகிறது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடமான வரலாறு

1885ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு பொது நூலகம் இந்நூலை விலக்கியது. அன்று கூறப்பட்ட காரணம் இனம் பற்றியதன்று. நடையும் கதைமாந்தரும் நாகரிகமற்றவர்கள் என்பதே குற்றச்சாட்டு. பின்னாளில் இந்நூலின் நிலை முற்றிலும் மாறியது. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இவ்வொரு நூலிலிருந்தே பிறந்தது என 1935இல் எர்னஸ்ட் ஹெமிங்வே எழுதினார். 1948இல் லயனல் ட்ரில்லிங்கும் 1950இல் டி. எஸ். எலியட்டும் எழுதிய முன்னுரைகள் இதனைச் செவ்வியல் தகுதிக்கு உயர்த்தின. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, 1957இல், நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்கப் பள்ளிகளுக்கும் கீழ்நிலை உயர்நிலைப் பள்ளிகளுக்கும் உரிய பாடநூற் பட்டியலிலிருந்து இதனை நீக்கியது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லொன்று நூல் முழுவதும் இருநூறு முறைக்கு மேல் பயின்று வருவதே எதிர்ப்பின் மையமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆயினும் உயர்நிலை வகுப்புகளில் நாவல் நிலைத்து நின்றது. அமெரிக்கப் பள்ளிகளில் மிகுதியாகப் பாடமாக்கப்படும் முழுநூல்களைப் பற்றி ஆர்தர் ஆப்பிள்பீ 1989இல் வெளியிட்ட ஆய்வு, ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு இணையான இடத்தில் இந்நாவலை வைத்துக் காட்டியது. அப்பட்டியலின் முதல் பத்து நூல்களுள் பெண் எழுதியது ஒன்றே. அது ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960). சிறுபான்மையினர் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. கறுப்பின மக்களின் துயரை வெள்ளையின எழுத்தாளர் இருவர், வெள்ளையினக் குழந்தைகளின் வாய்மொழியாகக் கூறும் நூல்களின் வாயிலாகவே பெரும்பாலான மாணவர்கள் அறிந்துகொண்டனர் என்பது இதனால் பெறப்படும்.

31ஆம் அதிகாரமும் தேர்வு வினாவும்

இந்நாவலின் கதைசொல்லி ஹக் என்னும் சிறுவன். தப்பியோடிய அடிமையான ஜிம்முடன் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் செல்கிறான். 31ஆம் அதிகாரத்தில் ஜிம் பிடிபடுகிறான். அவன் இருக்குமிடத்தை உரிமையாளருக்குத் தெரிவித்துக் கடிதம் எழுதும் ஹக், பின்னர் அதனைக் கிழித்தெறிந்து, நரகத்திற்குச் செல்ல நேர்ந்தாலும் ஜிம்மை மீட்பது எனத் துணிகிறான். தான் பாவம் செய்வதாகவே அவன் மெய்யாக நம்புகிறான். அவன் செய்வது அறம் என்பதை வாசகரே உணர்ந்துகொள்ள வேண்டும். கதைசொல்லி அறியாததை வாசகர் அறியும் இம்முரண்நகையே நாவலின் உயிர்நிலை எனலாம்.

இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில், உயர்நிலைப் பள்ளியொன்றின் ஆங்கில வகுப்பைச் சில வாரங்கள் உற்றுநோக்கும் வாய்ப்பைப் பெற்றார். அங்கு 31ஆம் அதிகாரத்திற்கு முழுமையாக இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய பன்னிரண்டு அதிகாரங்கள் வீட்டில் வாசிக்குமாறு விடப்பட்டன. தேர்வில் கேட்கப்பட்ட வினா, ஹக்கின் அறவளர்ச்சியை விளக்குக என்பதாகும். ஒரு வகுப்பை மட்டும் கொண்டு பொதுமுடிவுக்கு வருதல் பொருந்தாது. எனினும் இவ்வாறு கற்பிப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட திறனாய்வு மரபு இருப்பதை மறுக்க இயலாது. ஜிம் பறிபோகும் இடத்தோடு வாசிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது ஹெமிங்வேயின் அறிவுரை. ட்ரில்லிங்கும் எலியட்டும் நாவலின் முடிவை வடிவ அடிப்படையில் ஏற்றுக்கொண்டனர். 1953இல் லியோ மார்க்ஸ் அவர்களை மறுத்து, அம்முடிவு நாவலின் அறநோக்கையே கைவிடுகிறது என்றார். மாறுபட்ட இக்கருத்துகள் அனைத்தும் இறுதிப் பகுதியை நாவலுக்குத் தீங்கு விளைவிக்கிறதா, இல்லையா என்னும் நோக்கிலேயே அணுகின. அப்பகுதி வாசகருக்கு என்ன செய்கிறது என்பது வேறொரு வினா.

அடுத்த அதிகாரம் காட்டுவது

நரகத்திற்குச் செல்லத் துணிந்த அதே ஹக், அடுத்த அதிகாரத்திலேயே ஃபெல்ப்ஸ் பண்ணைக்கு வந்து சேர்கிறான். தாமதத்திற்குக் காரணமாக நீராவிப் படகில் வெடிவிபத்து நிகழ்ந்ததாகப் பொய் கூறுகிறான். எவருக்கேனும் காயம் நேர்ந்ததா என வீட்டுத் தலைவி கேட்கிறாள். இல்லை என்று கூறும் ஹக், கறுப்பினத்தவன் ஒருவன் இறந்ததாகச் சேர்த்துச் சொல்கிறான். சில வேளைகளில் மனிதர்களுக்கும் காயம் ஏற்பட்டுவிடுவதால் இது நற்பேறே என அவள் ஆறுதல் அடைகிறாள். அவள் கொடியவள் அல்லள். அன்பான இல்லத்தரசியாகவே நாவல் அவளைக் காட்டுகிறது.

இங்கு ஹக் அவளுடைய மனப்பாங்கை அறிந்து நடிக்கிறானா, அன்றி அதே மனப்பாங்கு அவனிடமும் எஞ்சியிருக்கிறதா? நாவல் விடை கூறுவதில்லை. 31ஆம் அதிகாரத்தோடு பாடத்தை நிறுத்தும் ஆசிரியர், மாணவரின் கையிலிருந்து இவ்வினாவைப் பறித்துவிடுகிறார் என்றே கூறத் தோன்றுகிறது. ஒரு கணத்தின் அறத்துணிவு ஒருவரை முழுமையாக மாற்றிவிடும் என்னும் எளிய நம்பிக்கையுடன் மாணவர் வகுப்பை விட்டுச் செல்கிறார்.

பண்ணையில் நிகழ்வது

அதன்பின் டாம் சாயர் வருகிறான். குடிலொன்றில் அடைக்கப்பட்டிருக்கும் ஜிம்மை எளிதில் விடுவிக்கும் வழியிருந்தும், தான் படித்த சாகசக் கதைகளின் முறைப்படியே விடுவிக்க வேண்டும் என்று டாம் வற்புறுத்துகிறான். எலிகளும் சிலந்திகளும் பாம்புகளும் ஜிம்மின் அறையில் விடப்படுகின்றன. ஹக் இடையிடையே தயங்கினாலும் உடன்படுகிறான். தப்பும் வேளையில் டாமின் காலில் குண்டு பாய்கிறது. மருத்துவர் வரும்வரை அவனை விட்டு அகல ஜிம் மறுக்கிறான். அதனால் மீண்டும் பிடிபடுகிறான். உரிமையாளரான மிஸ் வாட்சன் இரண்டு மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதும், தம் விருப்ப ஆவணத்தில் ஜிம்மை விடுவித்துவிட்டார் என்பதும், டாம் இதனை முன்பே அறிந்திருந்தான் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. பொறுமையான கைதியாக இருந்தமைக்கு டாம் ஜிம்முக்கு நாற்பது டாலர் தருகிறான். முன்னர் அவனைக் காட்டிக்கொடுத்தவன் பெற்ற தொகையும் நாற்பது டாலரே.

சட்டப்படி விடுதலை பெற்ற ஒருவர், பிறரின் விளையாட்டிற்காகச் சங்கிலியில் வைக்கப்படுகிறார் என்பதே இப்பகுதியின் சாரம். நாவலின் கதை உள்நாட்டுப் போருக்கு முந்திய காலத்தது. ஆனால் ட்வெய்ன் அதனை எழுதத் தொடங்கியது 1876இல். தென்மாநிலங்களின் மறுசீரமைப்புக் காலம் முடிவுற்றது 1877இல். விடுதலை பெற்றவர்கள் மீண்டும் உரிமை இழந்த அக்காலத்தின் நிழல் இப்பகுதியில் படிந்துள்ளது என்று கூறும் திறனாய்வாளர்கள் உளர். அவ்விளக்கத்தை ஏற்பினும் மறுப்பினும், அறவுணர்வு உடைய ஒருவன் கூட்டத்தோடு சேர்ந்து எவ்வாறு கொடுமைக்குத் துணைபோகிறான் என்பதை இப்பகுதியளவிற்குத் தெளிவாகக் காட்டும் இடம் நாவலில் வேறில்லை. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வாசகர் அட்டிகஸின் பக்கம் நின்று நிம்மதி அடையலாம். இங்கு அவ்வாறு நிற்பதற்கு இடமில்லை. வகுப்பறைக்கு அதன் கடினமும் பயனும் அதுவே.

சொல்லும் அதன் சுமையும்

2011ஆம் ஆண்டு அலன் கிரிபென் பதிப்பித்து வெளிவந்த நூலில், அவ்விழிசொல்லுக்குப் பதிலாக ‘அடிமை’ என்னும் பொருள்தரும் சொல் இடப்பட்டது. நூல் வகுப்பறையிலிருந்து முற்றாக விலக்கப்படுவதைத் தவிர்ப்பதே பதிப்பாசிரியரின் நோக்கம், அந்நோக்கம் மதிக்கத்தக்கதே. ஆனால் அடிமை என்பது சட்டநிலையைக் குறிக்கும் சொல். இழிசொல்லோ சட்டநிலை மாறிய பின்னும் ஒட்டிக்கொண்டிருப்பது. விடுதலை பெற்ற ஜிம்மை இழிசொல்லிலிருந்து எந்த ஆவணமும் விடுவிக்கவில்லை என்பதை உணர்த்தும் இறுதிப் பகுதி, இம்மாற்றத்தால் பொருள் இழக்கிறது.

மறுபுறம், அச்சொல்லின் சுமை அனைத்து மாணவர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதையும் ஏற்றாக வேண்டும். அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரப் பள்ளி மாவட்டத்திற்கு எதிராக ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். இந்நாவல் பாடமாக்கப்பட்ட பின்னர்த் தம் மகள்மீதான இனத் துன்புறுத்தல் மிகுந்தது என்பது அவரது வாதம். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இலக்கிய நூலை நீக்குமாறு நீதிமன்றம் ஆணையிட இயலாது என்றது. அதே வேளையில், இனத் துன்புறுத்தலை அறிந்தும் வாளாவிருக்கும் பள்ளி சட்டப்படி பொறுப்பேற்க வேண்டிவரும் என்றும் கூறியது. இத்தீர்ப்பில் இலக்கிய ஆசிரியருக்கும் ஒரு பாடம் உண்டு. நூலைக் காக்கும் உரிமையும் மாணவரைக் காக்கும் கடமையும் ஒன்றையொன்று நீக்குவன அல்ல. அச்சொல்லை உரக்க வாசிக்காமலேயே 32ஆம் அதிகார உரையாடலைக் கற்பிக்க இயலும்.

ஹக்கின் நல்லெண்ணத்தை வாசகர் போற்றுவதே போதும் என இந்நாவல் கருதுவதாக 1996இல் எழுத்தாளர் ஜேன் ஸ்மைலி குறைகூறினார். 31ஆம் அதிகாரத்தோடு நிற்கும் வாசிப்பிற்கு அக்குறை முற்றும் பொருந்தும். இறுதிவரை செல்லும் வாசிப்பில், நல்லெண்ணம் போதாது என்பதே நாவலின் கூற்றாகிறது. 2024இல் வெளிவந்து 2025ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்ற பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’, இக்கதையை ஜிம்மின் குரலில் மீண்டும் கூறுகிறது. இரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு இன்று ஆசிரியர்க்குக் கிட்டியுள்ளது. எனினும் புதிய நூல் பழைய நூலின் கடினப் பகுதியைத் தவிர்ப்பதற்குச் சாக்காக அமைந்துவிடலாகாது.

முடிவுரை

செவ்வியல் நாவலை வகுப்பறையில் வைப்போர் அதன் பெருமையைச் சொல்லியே அதற்கு இடம் கேட்கின்றனர். அப்பெருமைக்கு இசையாத பகுதியை விலக்கிவிட்டால், கற்பிக்கப்படுவது நாவல் அன்று, நீதிக்கதை ஆகும். ஹக்கின் அறத்துணிவை மட்டும் வினவும் தேர்வுத்தாளில், பண்ணையில் அவன் ஏன் உடன்பட்டான் என்னும் வினாவும் இடம்பெற வேண்டும். அவ்வினாவை எழுப்ப அஞ்சும் வகுப்பில் இந்நாவலை வைப்பதால் விளையும் பயன் சிறிது. அவ்விழிசொல்லைச் சுமக்கும் மாணவர் தரும் விலையோ பெரிது. இறுதிவரை கற்பிக்க ஆசிரியர் ஆயத்தமாக இருக்கும் இடத்தில் மட்டுமே அவ்விலையைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.