நிலைத்த மூட்டும் நலிந்த எலும்பும்

செயற்கை இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன என்று, 2019-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. நீங்களும் செய்தித்தாளில் படித்திருக்கலாம். கணக்கில் குறையில்லை, ‘நிலைக்கின்றன’ என்னும் சொல்லைத்தான் சற்று உற்றுநோக்க வேண்டும். மூட்டை மறுபடி அறுவை செய்து மாற்றவில்லை என்பதே அதன் பொருள். வலியில்லை என்றோ, மூட்டைத் தாங்கும் எலும்பு நன்றாயிருக்கிறது என்றோ அது கூறவில்லை.

எலும்பு ஏன் நலிகிறது? இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1958 முதல் டெஃப்லான் கிண்ணத்தில் எஃகுக் குண்டு சுழலும் மூட்டைப் பொருத்தினார். டெஃப்லானின் உராய்வு மிகக் குறைவு. ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்து போயிற்று. உராய்வு வேறு, தேய்மானம் வேறு. (நம் பாடநூல்கள் முன்னதை விரிவாகச் சொல்லிப் பின்னதை மறந்துவிடுகின்றன!) 1962-இல் அவர் பாலிஎதிலீனுக்கு மாறினார். அது மிக மெதுவாகத் தேய்கிறது. தேய்ந்த துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. உடலின் காவல் செல்கள் அவற்றை விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அச்செல்கள் வெளிவிடும் பொருள்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. பழி முதலில் எலும்புச் சிமென்டின் மேல் விழுந்தது. சிமென்ட் இல்லாத மூட்டுகளிலும் எலும்பு கரைந்த பிறகே உண்மை தெளிவாயிற்று. இவ்வளவும் பல ஆண்டுகள் வலியே இல்லாமல் நடக்கக்கூடும்.

இப்போது எண்பது வயது முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். எலும்பு கரைந்து மூட்டு ஆடுகிறது. மறு அறுவை என்றால் குழியில் எலும்புத் துணுக்குகளை இடித்து நிரப்ப வேண்டும், அல்லது உலோகத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். அவர் இதயம் அதைத் தாங்காது என்று மருத்துவர் விட்டுவிடுகிறார். முதியவர் கோலூன்றி வலியோடு நடக்கிறார். பட்டியலிலோ அவர் மூட்டு ‘நிலைத்தது’! அதே நிலையிலுள்ள நாற்பது வயதினருக்கு மறு அறுவை நடக்கிறது, அது ‘தோல்வி’. ஆகவே இந்த எண் மூட்டை மட்டும் அளக்கவில்லை. மருத்துவர் எடுக்கும் முடிவையும் சேர்த்தே அளக்கிறது. எலும்பு மிகவும் இழந்தவர்களிடம்தான் இந்த மயக்கம் அதிகம்.

மறுபக்கமும் உண்டு. 25 ஆண்டு நிலைத்தவை பழைய மூட்டுகள். 1990-களின் இறுதியில் வந்த குறுக்குப் பிணைப்புப் பாலிஎதிலீன் மிகக் குறைவாகவே தேய்கிறது. இன்று பொருத்தப்படுவனவற்றுக்கு அந்த 58 குறைவான மதிப்பாகவும் இருக்கலாம்.

1979-இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு இடுப்பு மூட்டுப் பதிவேடும் மறு அறுவைகளைத்தான் எண்ணி வந்தது. வலி எவ்வளவு என்று நோயாளியையே கேட்டு எழுதும் வழக்கம் அங்கு 2002-இல்தான் தொடங்கியது.