விருந்தும் ஊடலும்: கோயிலொழுகில் சுரதானி கதை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தினை எண்ணும் தொல்காப்பியர், புதுவதாகப் புனையும் செய்யுளையே அப்பெயரால் சுட்டினார். இல்லம் நோக்கி வந்த புதியோன் விருந்து எனப்பட்டான். அவனுக்கு இட்ட உணவும் காலப்போக்கில் விருந்தாயிற்று. இன்று உணவுப் பொருளே முன்நிற்க, ஆளைக் குறிக்க ‘விருந்தாளி’ என வேறொரு சொல் வேண்டியதாயிற்று.

கற்பியலில் வாயில்கள் பன்னிருவரை எண்ணுங்கால் ஆசிரியர் விருந்தினரையும் அவருள் ஒருவராக வைத்தமை ஆழ்ந்து நோக்கத் தக்கது. நற்றிணை 120-ஆம் பாட்டில் தலைவி அடுக்களைப் புகையிற் கண்சிவந்து நிற்கின்றாள். அவள் சினம் ஆற, முறுவல் தோன்ற, விருந்தொன்று வாராதா எனத் தலைவன் ஏங்குகின்றான். விருந்து ஊடலைத் தீர்க்கும் என்பது இதனால் போதரும் வெளிப்படைப் பொருள். இதன் உட்கிடை மற்றொன்று உண்டு. ஊடல் என ஒன்று உள்ள மனையில்தான் விருந்து வாயிலாகும். ஊடுதற்கு உரியார் எவரும் இல்லாவிடின் விருந்து வெறும் சோறிடுதலாய் நின்றுவிடும். இவ்வுட்கிடையைக் கைக்கொண்டு, திருவரங்கத்துக் கோயிலொழுகில் இடம்பெறும் சுரதானி கதையை யாம் இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

தில்லிச் சுல்தானின் மகள் அரங்கனை விழைந்து தெற்கே வந்தாள் என்பதும், அவளுக்குத் துலுக்க நாச்சியார் என்னும் பெயரால் கோயிலுள் இடம் தரப்பட்டது என்பதும், அவள் பொருட்டு நாள்தோறும் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கப்படுகின்றன என்பதும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தார் யாவரும் அறிந்தவை. மேடைகளில் இக்கதை சமய ஒற்றுமைக்குச் சான்றாக எடுத்தோதப்படும். அச்சான்றினை யாம் மறுப்பதற்கில்லை. ஆயின், ரொட்டி படைக்கப்படுவது ஒன்றையே கொண்டு உறவு நிறைவெய்திற்று என முடித்தல் நூலையும் வழக்கத்தையும் மேலோட்டமாகக் கண்டதன் விளைவு என்பதே எம் கருத்து.

முதற்கண் நூலைக் காண்பாம். கோயிலொழுகு ஒருவர் ஒருகாலத்துச் செய்த நூலன்று. திருவரங்கத்தார் தலைமுறைதோறும் எழுதிச் சேர்த்த கோயில் வரலாறு அது, 1961-இல் வ. ந. அரிராவ் செய்த ஆங்கிலப் பெயர்ப்பால் வரலாற்றறிஞர் பலர்க்கும் அறிமுகமாயிற்று. 1311-இல் மாலிக் காபூர் படையும், 1323-இல் பின்னர் முகம்மது பின் துக்ளக் என அரசேறிய உலூக்கான் படையும் தெற்கே வந்தன. ஒழுகும் படையெடுப்புகள் இரண்டனைக் கூறும். அதன் கால வைப்பு ஒழுங்குபட அமைந்ததன்று. சுரதானி கதை முன்னைய படையெடுப்போடு சார்த்திச் சொல்லப்படுகின்றது. கொள்ளைப் பொருளோடு கொண்டு செல்லப்பட்ட அழகிய மணவாளர் சுல்தானின் மகளுக்கு விளையாட்டுப் பாவையாகிறார். கோயிலார் தில்லி சென்று, ஆடலும் பாடலும் காட்டி அரசனை மகிழ்வித்து, திருமேனியைப் பெற்று மீள்கின்றனர். பிரிவாற்றாத சுரதானி பின்தொடர்கின்றாள். அவள் அரங்கம் அடைந்தபோது மணவாளர் அங்கில்லை, திருமலையில் இருந்தார். காணப்பெறாத அவள் உயிர்நீத்தாள். அரங்கன் திரும்பிய பின்னரே அவளை ஓவியமாக எழுதுவித்து, அவள் பிறந்த மனையின் உணவையும் உடையையும் தனக்கு ஆக்கிக்கொண்டான் என்பது கதை.

இதனை யாத்தோர் பழந்தமிழ்த் துறைகளை அறிந்து யாத்தனரோ அறியாது யாத்தனரோ, துறைகள் மட்டும் கதையுள் தலைகீழாகக் கிடக்கின்றன. மகட்பாற் காஞ்சியில் வேந்தன் மகளை வேண்டிப் படையொடு வருவான்; முதுகுடித் தந்தை மறுப்பான்; ஊர் அழியும். ஈண்டோ, படையொடு வந்தவன் மகளே தோற்றவரின் ஊரை நாடி வருகின்றாள். கொள்ளை வடக்கே போக, கொடை தெற்கே வருகின்றது. போரில் இழந்த பெருமிதத்தைக் கதையால் மீட்கும் முயற்சி இது என்பது வெளிப்படை. புறத்தில் தோற்ற ஊர் அகத்தில் வென்றதாகத் தன்னைக் காட்டிக்கொள்கின்றது எனினும் அமையும்.

உணவு பற்றிய மாற்றம் இதனினும் நுட்பமானது. நற்றிணை 110-ஆம் பாட்டில், பொற்கலத்துப் பாலையும் உண்ண மறுத்து ஓடிய சிறுமகள், மணந்தபின் கணவன் குடி வறுமையுற்ற காலத்தும் தந்தை மனையின் வளமான சோற்றை நினையாது, ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். அதுகண்டு செவிலி வியக்கின்றாள். மகள் தன் பிறந்தகத்து உணவை மறத்தலே கற்பின் மாண்பு என்பது அம்மரபு. சுரதானி கதையில் மறப்பவள் மகள் அல்லள். கணவன் தன் மனை உணவோடு அவள் பிறந்தகத்து உணவையும் ஏற்கின்றான். கோதுமை விளையாத காவிரிக் கரையில், நெற்சோறும் அக்காரவடிசிலும் அமுதாகும் மடைப்பள்ளியில், அடுப்பொன்று ரொட்டிக்கு ஒதுங்கிற்று. திருமஞ்சன நாள்கள் சிலவற்றில் அவன் கைலி உடுக்கின்றான். மருமகள் மாறவேண்டும் என்னும் நெடுநாள் வழக்கு ஈண்டுக் கணவனிடத்து மாறி நிற்றல் தமிழ்க் கதை மரபில் அரிதாய ஒன்று. இவ்வகையில் ஒழுகின் ஆசிரியரை யாம் பாராட்டுகின்றோம்.

ஆயின் அந்த ரொட்டியைச் சுடுபவர் யார்? கோயில் மடைப்பள்ளியின் கைகளே. உணவின் வடிவம் அவளுடையது. அடுப்பும் கையும் அவனுடையவை. திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பண்டிகை நாள்களைக் கண்டவர்க்கு இதன் பொருள் விளங்கும். பொங்கலன்றும் தீபாவளியன்றும் பலகாரத் தட்டு மதில் தாண்டி அண்டை மனைக்குச் செல்லும். தட்டை வெறுமையாகத் திருப்புதல் வழக்கமன்று. சருக்கரையேனும் இட்டே திருப்புவர். பெருநாளன்று புலால் உண்ணா மனைக்கு அண்டை மனையார் பழமும் சருக்கரையும் எனச் சமையாத பொருளாகவே தேர்ந்து அனுப்புவர். அனுப்புவோர் அதனைக் குறையாகக் கூறார். பெறுவோரும் விளக்கம் உரையார். அன்பு உண்டு, எல்லையும் உண்டு. கோயில் ரொட்டியின் நிலையும் அத்தட்டின் நிலையே ஆம்.

இனி உறையூரை நோக்குவாம். அரங்கனுக்கும் உறையூர்க் கமலவல்லி நாச்சியார்க்கும் உள்ள உறவு ஒழுகின் சுரதானி கதைக்கு நேர் வைத்து எண்ணத் தக்கது. கமலவல்லி சோழன் மகள் என்பது தலபுராணம். பங்குனித் திருவிழாவில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் சென்று, ஆயில்யத்தன்று அவளோடு சேர்த்தி கொள்கின்றார். மீண்டு வந்து உத்திரத்தன்று தாயார் மனை நாடினால் கதவு அடைக்கப்படுகின்றது. பூவும் பழமும் வெண்ணெயும் அவர்மேல் எறியப்படுகின்றன. மட்டையடி என மக்கள் வழங்கும் இந்நிகழ்ச்சியில் ஓதப்படும் பிரணய கலகம் என்னும் உரையாடல், தமிழ் முதுகலை மாணவர் பலர் இன்னும் கண்திறந்து நோக்காத ஓர் இலக்கியம். தாயார் தரப்பு குறிகளை அடுக்குகின்றது: கண் சிவந்துள்ளது, திலகம் கலைந்துள்ளது, மாலை கசங்கியுள்ளது. பெருமாள் தரப்பு ஒவ்வொன்றற்கும் ஒரு சாக்குச் சொல்கின்றது. உலகுகாக்கக் கண்விழித்தமையால் சிவந்தது என்பது அவற்றுள் ஒன்று. சாக்குகள் செல்லாவிடத்து ஆணையிடத் துணிகின்றார். கடலில் மூழ்குவேன், தீயிற் புகுவேன், பாம்புக் குடத்துட் கைவிடுவேன் என்கின்றார். ஆணைகளும் ஏலாமையின் இறுதியில் நம்மாழ்வார் வாயிலாக வந்து தீர்க்கின்றார். அதன்பின் சேர்த்தி. அச்சேர்த்தியில் இராமானுசரின் கத்யத்திரயம் ஓதப்படும்.

மருதத்திணையின் உறுப்புகள் ஒன்றும் குறையாது இங்குக் கிடக்கின்றன. பரத்தையிற் பிரிவு இல்லையே எனின், உறையூராளும் மனைவியே என்பதனால் ஊடல் பின்னும் கூர்மை பெறுகின்றது. சிரிப்போடு காணும் மக்கள் திரளில் நின்று கேட்டால், தம் வீட்டுப் பேச்சையே கேட்பது போன்று அவர் மகிழ்தலைக் காணலாம். திருவிழா நாளில் இரு மனைகளுக்கு இடையே ஒருவன் படும் பாட்டைக் கடவுள்மேல் ஏற்றி, ஆண்டுக்கு ஒருமுறை வாய்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழி அது.

சுரதானியின் பொருட்டு இத்தகைய ஒன்று நிகழ்வதில்லை. காலைதோறும் ரொட்டியோடு வைக்கப்படும் வெண்ணெயும் பங்குனி உத்திரத்தன்று எறியப்படும் வெண்ணெயும் பொருளால் ஒன்றே. முன்னது விருந்து, பின்னது உரிமை. தாயார் உள்ளிருந்து கதவடைக்கின்றாள். உள்ளே இருப்பவளே கதவடைத்தல் கூடும். சுரதானி தலைவன் இல்லாத ஊருக்கு வந்து வெளியே நின்றவள். சேரகுலவல்லி நாச்சியார்க்கு இராமநவமியன்று சேர்த்தி உண்டு. உறையூராளுக்கு ஆயில்யம் உண்டு. எழுந்தருளச் செய்யும் திருமேனி இன்றிச் சுவர் ஓவியமாக நிற்பவளுக்குச் சேர்த்தி யாங்ஙனம் அமையும்? பகற்பத்து நாள்களில் நம்பெருமாள் அருச்சுன மண்டபத்தில் வீற்றிருக்குங்கால் அவள் இடம் அண்மையில்தான் உள்ளது. அண்மை உண்டு, அருகிருத்தல் இல்லை.

பெயரால் அவள் வேறுபடுத்தப்பட்டாள் என்பாரும் உளர். அத்தடை வலியுடையதன்று. சேரகுலவல்லி குலத்தாலும் உறையூர் நாச்சியார் ஊராலும் பெயர் பெற்றமை போன்றே, துருக்கர் மகள் இனத்தால் பெயர் பெற்றாள். ஆண்டாளுக்கும் உரிய நாச்சியார் என்னும் சொல் அவளுக்கும் தரப்பட்டது. ஓவியமாக வைத்தது அவள் சமயத்தார் உருவ வழிபாடு கொள்ளாமையைப் போற்றியே என்று உரைப்பாரும் உளர். நயமான விளக்கம், ஆயின் மேலுக்கோட்டையில் பீபி நாச்சியார் செல்வப்பிள்ளையின் திருவடிக்கண் சிறு திருமேனியாகவே வைக்கப்பட்டமையை அது விளக்காது. அவ்வூர்க் கதை இராமானுசரையே தில்லிக்கு அனுப்புகின்றது. தில்லியில் சுல்தான் ஆட்சி தொடங்கியது 1206-இல் ஆதலின் காலமுரண் வெளிப்படை. எனினும் உருவம் தந்து அடியிற் சேர்த்த துணிவு அங்கே காணப்படுகின்றது.

எல்லை வைத்துப் பேணும் உறவுக்குச் சமயபுரமும் ஒரு சான்று. மாரியம்மன் அரங்கனுக்குத் தங்கை என்பது வழக்கு. தைப்பூசத்தன்று அவள் கொள்ளிடக் கரைக்கு வர, அரங்கத்திலிருந்து சீர்வரிசை அங்கே கொண்டு செல்லப்படும். அண்ணன் மனையும் அன்று, தங்கை மனையும் அன்று. சீர் ஆற்றங்கரையிற் கைம்மாறுகின்றது. ஆயினும் பிறந்தகத்துச் சீர் என்பது கேட்டுப் பெறும் உரிமையாதலின் சுரதானியினும் அவள் நிலை உயர்ந்ததே.

ஒழுகு சுரதானிக்கு ஊடலை ஏன் தரவில்லை? விடை அந்நூலினுள்ளேயே உள்ளது. பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரவர் முடிதிருத்திய கலகம் எனத் திருவரங்கத்தார் நினைவில் நிலைத்த பேரழிவும் அதே ஏட்டில் உண்டு. அக்காலத்துத் திருமேனியைக் காத்துச் சென்ற பிள்ளை உலகாசிரியர் சோதிஷ்குடியில் மறைந்தார். நம்பெருமாள் ஊர்தோறும் அலைந்து, 1371-இல் கோபணாரியரால் மீண்டும் அரங்கம் புகுந்தார். இவ்விரு நினைவுகளையும் ஒருங்கே காத்தவர் சுரதானிக்கு வாய் கொடுத்திருந்தால் அவள் எதனைப் பேசுவாள்? அவளிடம் இவ்வூர் எதனைக் கேட்கும்? கண்சிவப்பும் மாலைக் கசங்கலும் அவ்வூடலின் பொருளாகா. தந்தையின் படை வெட்டிய தலைகளே பொருளாகும். அவ்வழக்கைத் தீர்க்கும் வாயில் நம்மாழ்வார்க்கும் அரிது. ஆதலின் ஆசிரியர் அவளைப் பேசாத ஓவியமாக்கி, பேச்சு நிற்கவேண்டிய இடத்தில் உணவை வைத்தார். இது கோழைமை எனச் சிலர் கருதலாம். யாம் அங்ஙனம் கருதவில்லை. அழித்தவன் மகளுக்குச் சோறிட எண்ணிய உள்ளம் சிறிய உள்ளமன்று. பேசவியலாத ஒன்று எஞ்சியுள்ளது என்பதை மறைத்து, எல்லாம் தீர்ந்ததாக அதனைப் பின்னையோர் கொண்டாடுதலே பிழை.

ஒழுகில் மற்றொரு பெண்ணும் வருகின்றாள். கரம்பனூர் என்பது கொள்ளிடத்தின் வடகரையில் உத்தமர்கோயில் உள்ள ஊர். பெருமாளைக் காணாது உண்ணாத நோன்புடைய அவ்வூராள் ஒருத்தி, கொள்ளையிட்ட படையின் பின்னே தில்லிவரை நடந்து, திருமேனி இருக்குமிடம் அறிந்து வந்து உரைத்தாள். கோயிலார் அவளுக்குப் பின்சென்றவல்லி எனப் பெயரிட்டனர். ஒருத்தி உண்ணாது வடக்கே போனாள். ஒருத்தி தெற்கே வந்து, இறந்த பின்னரே உணவு பெற்றாள். இருவரும் தில்லி அரண்மனையில் ஒரே திருமேனியைக் கண்டவர்கள். இவ்விணையை ஆசிரியர் கருதியே அமைத்தார் என்பது எம் துணிபு. ஒழுகின் இப்பகுதியைத் தனியே பாடமாக வைக்கும் துறைகள், பிரணய கலகத்தையும் நற்றிணை 110, 120 பாட்டுகளையும் அதனோடு சேர்த்து மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும். ஊடல் இன்னதென அறிந்த பின்னரே ஊடல் இல்லாத இடம் கண்ணிற் படும்.