கல்லறையும் ஒரு பிரதிதான்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் ரமணர் சமாதியோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே சின்னச் சமாதிகளும் இருக்கின்றன. லட்சுமி என்ற பசு, ஒரு மான், ஒரு காக்கை, ஜாக்கி என்ற நாய். 1948 ஜூன் 18இல் செத்த லட்சுமிக்கு ரமணரே பாட்டெழுதினார். ஆண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் சொல்லி, அது முக்தியடைந்தது என்கிறது பாட்டு.

இது புதுசும் இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல்லில், கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரைப் பல்லவர் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எம்.ஏ.வில் நடுகல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். உயிர்நேயம் என்று முடித்திருப்பேன்.

அந்த அன்பை நான் பொய் என்று சொல்லவில்லை. காக்கையையும் புதைக்கத் தோணுதே, பெரிய மனசுதான். ஆனால் கல்லில் வெட்டியதும் எழுத்துதான். யாரை எழுதாமல் விட்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

எங்க ஆயாவைப் புதைக்கப் போனபோது சேரிச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. தெரு வழியா விடமாட்டேன்னுட்டாங்க. நடவு நட்ட கழனியில் முட்டிச் சேற்றில் பாடையைத் தூக்கிக்கிட்டுப் போனோம். பயிரை மிதிச்சதுக்கு மறுநாள் பஞ்சாயத்து. தெண்டம் கட்டினோம்.

அறுபது வருசம் அதே கழனியில் நாத்து நட்டவ அவ. தலைமாட்டில் ஒரு சப்பாத்திக் கள்ளி நட்டு வைத்தேன். மூணாவது மழையில் மேடு கரைந்துவிட்டது. போன மாசம் போய்ப் பார்த்தேன். அங்கே இப்போ நிறைய கள்ளி.