பாலியின் சுவரில் இருந்த ஒளிப்படங்கள்

கண்காணிப்புக் கேமராவின் திரையில் இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொள்வதை மூன்றாவது பெண் பார்த்துவிடுகிறாள். 1987இல் வந்த கனடியப் படம். அந்தக் காலத்து வழக்கப்படி இங்கே ஓர் அதிர்ச்சியும் பிறகு ஒரு தண்டனையும் வந்திருக்க வேண்டும். பட்ரீசியா ரொசெமாவின் ‘ஐவ் ஹேர்ட் தி மெர்மெய்ட்ஸ் சிங்கிங்’ படத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பார்த்தவளுக்கு அருவருப்பு இல்லை, வியப்பும் குறுகுறுப்பும்தான். இந்தப் படத்தில் குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

டொரன்டோவில், சுமார் 3,50,000 கனடிய டாலர் செலவில், ரொசெமா எடுத்த முதல் முழுநீளப் படம் இது. கான் விழாவில் இளையோர் பரிசு பெற்றது. தலைப்பு டி. எஸ். எலியட்டின் கவிதையிலிருந்து வந்தது. அங்கே பேசுவது துணிவில்லாத ஓர் ஆண். ரொசெமா அவன் குரலைப் பிடுங்கி ஒரு தற்காலிகச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார்.

அந்தச் செயலாளர்தான் பாலி. வயது 31, தனியாக வாழ்கிறாள், எந்த வேலையிலும் சொதப்புவாள். ஜப்பானிய உணவகத்தில் தட்டைப் பார்த்து விழிப்பாள். ஷீலா மெக்கார்த்தி இந்தத் தடுமாற்றத்தைக் கேலிப்பொருளாக விடாமல் காப்பாற்றுகிறார். நாம் சிரிக்கிறோம், ஆனால் அவளைப் பார்த்து அல்ல. ஓய்வு நேரத்தில் பாலி தெருவில் கண்டவர்களைப் படமெடுத்து, வீட்டிலேயே கழுவிச் சுவரில் ஒட்டிவைக்கிறாள். கனவில் கட்டடங்கள்மேல் ஏறுகிறாள், பறக்கிறாள், தண்ணீர்மேல் நடக்கிறாள்.

ஓவியக் கூடம் நடத்தும் கேப்ரியேலிடம் அவளுக்கு வேலை கிடைக்கிறது. நாகரிகமும் படிப்பும் அதிகாரமும் உள்ள கேப்ரியேல்மீது பாலிக்குக் காதல். முத்தம் முதலானவை வேண்டுமென்று தோன்றவில்லை, ஆனாலும் காதல்தான் என்கிறாள். பெண்ணுக்குப் பெண்மீது வரும் ஆசையைப் படம் இப்படி மழுப்பிவிட்டது என்று அன்றே பெண்ணியவாதிகள் சிலர் குறைசொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. கேப்ரியேலுக்கும் இளம் காதலி மேரிக்கும் இடையிலான உறவுக்குப் படம் இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். ஆனால் பாலியின் காதலில் கலந்திருப்பது இன்னொன்று: ‘நீ பார்த்தது சரி, நீ எடுத்தது அழகு’ என்று அவள் வாயால் ஒரு சொல் கேட்கும் ஏக்கம். ஆசிரியையின் ஒரு பாராட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த மாணவிகளுக்கு இது புதிதல்ல.

பாலி புனைபெயரில் தன் படங்களை அனுப்புகிறாள். அனுப்பியவள் எதிரில்தான் நிற்கிறாள் என்று தெரியாமல் கேப்ரியேல் அவற்றை ஒரு நொடியில் ஒதுக்கித்தள்ளுகிறாள். அதே கேப்ரியேல் தன் ஓவியங்கள் என்று காட்டியவற்றை விமர்சகர் வானளாவப் புகழ்கிறார். படத்தின் மிகப் பெரிய குறும்பு இங்கேதான். அந்த ஓவியங்கள் நமக்குத் தெரிவதே இல்லை! சட்டத்துக்குள் வெறும் வெள்ளை ஒளி மட்டும் வீசுகிறது. மேதைமை என்று எல்லோரும் சொல்வதால் நாமும் நம்ப வேண்டியதுதான். ‘சாதாரணம்’ என்று தள்ளப்பட்ட பாலியின் படங்களையோ நம் கண்ணாலேயே பார்க்கிறோம், நமக்குப் பிடித்தும் போகிறது. கலையில் யாருடைய பார்வை செல்லும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை ஒரு வசனம்கூட இல்லாமல் கேட்டுவிடுகிறார் ரொசெமா.

அந்த ஓவியங்களை வரைந்தவள் மேரி. பெண்ணின் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் ஆண்களைக் கலை வரலாறு நெடுகிலும் பார்த்திருக்கிறோம். இங்கே அதைச் செய்பவள் ஒரு பெண், அதுவும் காதலி. கொடுத்தவளும் மனமுவந்தே கொடுத்திருக்கிறாள். ஆனால் அன்பினால் கொடுத்தாலும் பெயர் அழிந்தது அழிந்ததுதான். கேப்ரியேலை வெறுமனே வில்லியாக்கவும் முடியாது. அழகான ஒன்றையாவது தன் கையால் உருவாக்க வேண்டுமென்று ஏங்கியவள் அவள். பால் பாயார்ஜோனின் முகத்தில் அந்த வறட்சி தெரிகிறது.

உண்மை தெரிந்ததும் பாலி சூடான தேநீரை அவள்மீது வீசுகிறாள். கூடத்தின் கண்காணிப்புக் கேமராவைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். நாம் பார்க்கும் கதை அந்தக் கேமராவின் முன் அவள் தரும் வாக்குமூலம். அதிகாரம் வேவுபார்க்க வைத்த கண்ணைத் தன் பக்கம் திருப்பி, தன் கதையைத் தானே சொல்கிறாள்.

கடைசியில் கேப்ரியேலும் மேரியும் அவள் வீட்டுக்கு வருகிறார்கள். சுவரில் அந்தப் படங்கள். கேப்ரியேல் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். தேநீர் வீசியதற்கு மன்னிப்பு கேட்கும் நிலையில் இருந்த பாலி ஒரு கதவைத் திறக்கிறாள். அந்தப் பக்கம் வெயில் விழும் காடு. இன்னும் காட்டுகிறேன், வாருங்கள் என்று இருவரையும் அழைத்துப் போகிறாள்.