காலியாக விட்ட இடம்

ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்ட குறிப்பெழுதும் மென்பொருளான டிட்லிவிக்கி முழுவதும் ஒரே எச்டிஎம்எல் கோப்பில் அடங்கிவிடும். எழுதிய குறிப்புகளும் அவற்றைக் காட்டும் நிரலும் அதற்குள்ளேயே. ரசிகர்கள் பலரும் புகழ்வது இந்தக் கச்சிதத்தைத்தான். என் மனம் நிற்பது வேறோர் இடத்தில்: 2023இல் 5.3.0 பதிப்போடு வந்த ஸ்லாட்டில், அதாவது பிறகு நிரப்பட்டும் என்று காலியாக விடும் இடத்தில்.

அதற்கு முன்பெல்லாம் மேக்ரோதான்: பெயரிட்டு வைத்து, வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்ளும் எழுத்துத் துண்டு. குடும்பக் கதைகளைக் கட்டம் கட்டிக் காட்ட ஒரு மேக்ரோ எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கதையை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துத் தர வேண்டும். உள்ளே பாட்டி "எங்கடா போறே?" என்று கேட்டால் போச்சு, அந்தக் குறியைக் கண்டதுமே கதை முடிந்தது என்று மேக்ரோ முடிவுகட்டிவிடும். மும்மூன்று மேற்கோள் குறிகள் போட்டுத் தப்பிக்கலாம். ஆனாலும் ஒட்டுவேலை ஒட்டுவேலைதான். வந்த எழுத்துகளை முதலில் அப்படியே ஒட்டிவிட்டு, அப்புறம்தான் விக்கி அவற்றைப் படித்துப் பொருள்கொள்ளும். விருந்தாளியாக வந்த ஓர் எழுத்து வீட்டுச் சுவரையே இடித்துவிடக்கூடும்.

இப்போது விட்ஜெட்டையே, அதாவது டேகுகளால் அழைத்துப் பக்கத்தில் காட்டும் உறுப்பையே, நாம் வரையறுக்கலாம். டாலர் குறியில் தொடங்கி, நடுவே ஒரு புள்ளி வைத்த பெயர் போதும். திறக்கும் டேகுக்கும் மூடும் டேகுக்கும் இடையே பாட்டி எத்தனை மேற்கோள் குறி வேண்டுமானாலும் போட்டுப் பேசலாம். பட்டியல், இணைப்பு, இன்னொரு விட்ஜெட் எல்லாம் வரலாம். அவை வந்து அமர, வரையறைக்குள் நாம் ஒரு ஸ்லாட் வைத்தால் போதும். கொழுக்கட்டைச் சொப்பு செய்கிறவருக்கு உள்ளே போவது எள்ளா தேங்காயா என்ற கவலை இல்லையே. பூரணமே வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு: ஸ்லாட்டுக்குள் முன்கூட்டி எழுதி வைத்தது தோன்றும். இரண்டு மூன்று இடங்கள் வேண்டுமானால் தனித்தனிப் பெயரிட்டு வைக்கலாம்; அழைப்பவர் ஃபில் விட்ஜெட்டால் அந்தப் பெயர்களை நிரப்புவார்.

(திறக்கும் டேகுக்குப் பிறகு ஒரு வெற்று வரி விட மறந்தால், புள்ளிப் பட்டியல் பட்டியலாகாமல் ஒரே வரியில் சுருண்டு கிடக்கும். டிட்லிவிக்கியின் இந்தப் பழைய முரண்டு இங்கேயும் போகவில்லை.)

உச்சம் எதுவென்றால், ஸ்லாட்டை லிஸ்ட் விட்ஜெட்டுக்குள் வைப்பது. அழைப்பவர் ஒருமுறை எழுதிய வரிகள் பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் மீண்டும் விரியும். அதுவும் வெறும் நகலாக அல்ல. ஸ்லாட் நிற்கும் இடத்தில் எந்த மாறிக்கு என்ன மதிப்போ, உள்ளே வந்த உரைக்கும் அதே மதிப்பு. வெளியிலிருந்து வந்த வரி, விட்ஜெட்டுக்குள் இருப்பதைப் பார்த்துப் பேசுகிறது! இதிலேயே ஆபத்தும் உண்டு. விட்ஜெட் எழுதியவர் மாறிக்கு 'தலைப்பு' என்று பெயரிட்டு, அழைப்பவரும் அதே பெயரைத் தன் பக்கத்தில் வைத்திருந்தால், விட்ஜெட்டின் மதிப்பே செல்லும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள், வெளியே தெரிய வேண்டாத மாறிகளுக்கு வேறெவரும் வைக்காத முன்னொட்டு ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள்.