கடல் அப்துல்லாஹ்வும் கண்ணீரும்

மனிதரைப் போல அறிவும் பேச்சும் உடைய, ஆயினும் மனிதரல்லாத ஓர் இனத்தைக் கற்பனை செய்து கதை சொல்வது தொன்றுதொட்டு எல்லா மொழிகளிலும் இருந்து வரும் வழக்கம். வாலோ கொம்போ ஒட்டிவிட்டதனால் மட்டும் புதியதோர் இனம் பிறந்துவிடாது. அவ்வினம் எதை உண்கிறது, எங்கே உறைகிறது, எவ்வாறு மணம் புரிகிறது, இறந்தவரை எவ்வாறு வழியனுப்புகிறது என்னும் வினாக்களுக்கெல்லாம் கதைசொல்லியிடம் விடை இருக்க வேண்டும். அவ்விடைகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகவும் இருக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, 'ஆயிரத்தோர் இரவுகள்' என நாம் அறிந்துள்ள 'அல்ஃப் லைலா'விலிருந்து ஒரு கதையை ஈண்டு நோக்குவோம். தரை அப்துல்லாஹ், கடல் அப்துல்லாஹ் என்னும் இருவரின் நட்பைக் கூறும் கதை அது.

1835-ஆம் ஆண்டு எகிப்தின் பூலாக் அச்சகத்தில் வெளிவந்த பதிப்பில் இக்கதை இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது. மிகப் பழைய ஏட்டை அடிப்படையாகக் கொண்டு முஹ்ஸின் மஹ்தி 1984-இல் வெளியிட்ட பதிப்பில் இது இல்லை. எனவே, பிற்காலத்துக் கதைசொல்லி ஒருவரின் கைவண்ணம் எனக் கொள்ளலாம். பழைய ஏட்டிலேயே கடல்வாழ் மாந்தரைப் பற்றிய வேறொரு கதை உண்டு. அது ஜுல்னார் என்னும் கடல் இளவரசியின் கதை. அவளுடைய சுற்றத்தார் சுலைமான் நபி (அலை) அவர்களின் மோதிரத்தில் பொறிக்கப்பட்ட திருப்பெயர்களின் பேற்றினால் நீருக்குள் கண் திறந்து நடக்கின்றனர். மற்றபடி அவர்கள் நம் அரண்மனைகளில் வாழும் அரசரும் அரசியருமே. கடல் அவர்களுக்கு இடமாக மட்டுமே அமைந்தது, வாழ்வாக அமையவில்லை. அந்தக் குறையை அப்துல்லாஹ் கதை தீர்த்து வைக்கிறது.

பத்துப் பிள்ளைகளைப் பெற்ற ஏழை மீனவன் அப்துல்லாஹ். அதே பெயருடைய ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் நாற்பது நாள் கடனுக்கு ரொட்டி தந்து அவன் குடும்பத்தின் பசியாற்றுகிறார். ஒருநாள் வலையில் ஒரு கடல் மனிதன் அகப்படுகிறான். அவன் பெயரும் அப்துல்லாஹ்வே! அவன் அல்லாஹ்வையும் ரசூலையும் ஈமான் கொண்டவன். தரையின் கனிகளுக்குப் பதிலாகக் கடலின் முத்துக்களையும் மணிகளையும் தருவதென இருவரும் உடன்படிக்கை செய்கின்றனர். மீனவன் செல்வனாகிறான், அரசரின் மருமகனாகிறான். அந்த அரசரின் பெயரும் அப்துல்லாஹ்தான். 'அல்லாஹ்வின் அடிமை' என்னும் பொருளுடைய அப்பெயர் அரசருக்கும், கடைக்காரருக்கும், மீனவனுக்கும், வாலுடைய கடல் மனிதனுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. கதைசொல்லியின் கருத்து முழுவதும் இந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

பின்னர்க் கடல் அப்துல்லாஹ் தன் தோழனை நீருக்குள் அழைத்துச் செல்கிறான். 'தன்தான்' என்னும் பெருமீனின் ஈரற் கொழுப்பை உடலெங்கும் பூசிக்கொண்டால் நீர் தீங்கு செய்யாது என்கிறான். அங்கே கடல்வாழ் இனத்தின் வாழ்வு விரிகிறது. துணி அங்கில்லை; ஆகவே உடையும் இல்லை. அடுப்பு அங்கில்லை, ஆகவே மீனைப் பச்சையாகவே உண்கின்றனர். மஹர் கொடுப்பதும் மீனாகவே. வலிய அலகுடைய மீன்கள் பாறையைக் கொத்திக் குடைந்து வீடு அமைத்துத் தருகின்றன. அவற்றுக்குக் கூலியும் மீனே. அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, பிற மதத்தாரும் உண்டு. உடல், உணவு, உறைவிடம், சடங்கு அனைத்தும் ஒரே நீரிலிருந்து எழுகின்றன. நாம் முன்னர்க் கூறிய அளவுகோலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அந்நாட்டில் வியப்புக்குரிய பொருள் நம் மீனவனே. வால் இல்லாத பிறவி எனக் கடல் குழந்தைகளும் அவர்களுடைய அரசரும் அவனைப் பார்த்துச் சிரிக்கின்றனர். ஆனால் அவர்கள் அஞ்சி நடுங்கும் தன்தான் மீனோ, மனிதக் குரலைக் கேட்டமாத்திரத்தில் மாண்டுபோகிறது. ஒருவர்க்குக் குறையாகத் தோன்றுவது வேறோரிடத்தில் வலிமையாக இருக்கக் காண்கிறோம். இந்தப் பார்வை மாற்றம் அரபு நூல்களுக்குப் புதிதன்று. 1405-இல் காலமான இமாம் தமீரி அவர்கள் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் நூலில் நீர் மனிதனைப் பற்றிய ஒரு செய்தியைத் தருகிறார்கள். அத்தகைய ஒருவனுக்கு மனிதப் பெண்ணை மணமுடித்து, இருவர் மொழியும் அறிந்த மகன் பிறந்தானாம். தந்தை என்ன சொல்கிறார் என்று மகனைக் கேட்டபோது, எல்லா உயிர்களுக்கும் வால் பின்புறம் இருக்க, இம்மனிதர்களுக்கு மட்டும் முகத்தில் இருப்பது ஏன் என்று வியக்கிறார் என்றானாம். தாடியைத்தான் அவன் வாலென்று கருதினான்! பிற இனத்தைப் படைத்துக் காட்டும் கலையின் பயன் இதுவே. நாம் அவர்களைக் காண்பதோடு அவர்கள் கண்ணால் நம்மையும் காண்கிறோம்.

இனிக் கதையின் முடிவுக்கு வருவோம். மீனவன் ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்புவதை அறிந்த கடல் அப்துல்லாஹ், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தில் சேர்க்குமாறு ஒரு பொருளை அமானத்தாக ஒப்படைக்கிறான். திரும்பும் வழியில் ஓரிடத்தில் விருந்தும் பாட்டுமாக ஒரு கூட்டம் மகிழ்ந்திருக்கிறது. திருமணமோ என்று மீனவன் கேட்க, ஒருவர் மவுத்தாகிவிட்டார் என்று விடை வருகிறது. நாங்கள் இறந்தவருக்காக அழுவோம் என்கிறான் மீனவன். உடனே கடல் அப்துல்லாஹ்வின் முகம் மாறுகிறது. உயிர் அல்லாஹ்வின் அமானத். கொடுத்தவன் திரும்பப் பெறும்போது அழுகிறவர்களிடம் நபியவர்களுக்குரிய அமானத்தை எவ்வாறு நம்பித் தருவது என்று கேட்டு, பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நட்பையும் முறித்துவிடுகிறான்.

இப்பகுதியைப் படிப்போர் கடல் மனிதனின் ஈமானைப் போற்றி, தரை மனிதனின் பலவீனத்தை இகழக்கூடும். நாம் அதற்கு இசையமாட்டோம். அமானத் என்னும் கருத்து உண்மையே. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் தம் மகன் இறந்த செய்தியைக் கணவர் அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் சொல்லுமுன், இரவல் தந்தவர் திரும்பக் கேட்டால் மறுக்கலாமா என்று வினவிய வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் அந்த அம்மையார் விருந்து வைத்துப் பாடவில்லை. மேலும், எந்த நபியவர்களின் அடக்கத்தலத்துக்குக் கடல் அப்துல்லாஹ் காணிக்கை அனுப்ப விழைந்தானோ, அந்த நபியவர்களே தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். வியந்து கேட்ட தோழரிடம் அது இரக்கம் என விளக்கவும் செய்தார்கள். ஒப்பாரியையும் மார்பில் அடித்துக்கொள்வதையும் விலக்கிய மார்க்கம் கண்ணீரை விலக்கவில்லை.

அப்படியாயின், ஈமான் கொண்ட அவ்வினம் கண்ணீரை மட்டும் அறியாமற் போனதேன்? கதைசொல்லி வெளிப்படக் கூறவில்லை. அவர் படைத்த உலகமே விடை தருகிறது. துணியில்லாத இடத்தில் உடையில்லை, நெருப்பில்லாத இடத்தில் சமையலில்லை. அவ்வாறே, உப்புநீருக்குள் வாழ்வோரிடையே ஒருவர் விடும் கண்ணீர் மற்றவருக்குத் தெரிவதில்லை. பிறர் அழக் கண்டறியாத இனம் அழுகையை அவநம்பிக்கையென்று கருதியதில் வியப்பில்லை. அமானத்தின் சட்டத்தை அவர்கள் கற்றனர். ரஹ்மத்தின் ஈரத்தைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

இது கடலோடு நின்றுவிடும் செய்தியன்று. மையித்து வீட்டில் ஓசையின்றி விம்மும் தாயைப் பார்த்து 'ஸப்ரு இல்லாதவள்' என்று சொல்லிவிடும் நாவுகள் நம்மிடையேயும் உண்டு. அவை கடல் அப்துல்லாஹ்வின் நாவுகள். சட்டத்தில் பாதியை அறிந்து, அதைக் கொண்டு நட்பையும் உறவையும் அறுப்பவை.

நண்பன் நீருக்குள் மறைந்த பின்னரும் மீனவன் கரைக்கு வந்து சில காலம் அழைத்துக்கொண்டேயிருந்தான். மறுமொழி வரவில்லை என்று கதை முடிகிறது. அமானத்தாகக் கிடைத்த நட்பையும் அவன் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அப்பொழுதும் அவன் அல்லாஹ்வைக் குறை கூறினான் என்று கதையில் ஒரு சொல்லும் இல்லை.